கலைச்சொல்லும் வாக்கியமும்

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லைக் காணாமல் வளரும் பிள்ளை இல்லை. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்த அவ்வூரின் கல்லை நம்பியே 1930-களில் அங்கே சிமெண்டு ஆலை எழுந்தது. அவ்வூர் மாணவர் ஒருவர், கல்லூரியில் வேதியியலைத் தமிழில் பயில்பவர், தம்முடைய செய்முறைக் குறிப்பேட்டை ஒரு நாள் என்னிடம் கொண்டுவந்தார். ஊர்க் கல்லில் ஒரு துண்டை எடுத்து, அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டிருக்கிறார், நுரை பொங்கியிருக்கிறது. அதன்கீழே, "ஆகையால் இக்கல்லில் கால்சியம் கார்பனேட் உள்ளது என்று நான் முடிவெடுத்தேன்" என்று எழுதியிருந்தார்.

"முடிவெடுத்தேன்" என்னும் சொல்லின்கீழ் நான் ஒரு கோடிட்டேன்.

"இதிலே என்னங்க ஐயா தப்பு? முடிவுங்கிறதும் தமிழ்தானுங்க, எடுத்தேங்கிறதும் தமிழ்தானுங்களே" என்றார் அவர்.

"கல்லில் கார்பனேட் இருப்பதும் இல்லாததும் நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்ததா, தம்பி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. "அப்படி எழுதக்கூடாதுன்னு எந்தப் புத்தகத்திலே இருக்குதுங்க?" நன்னூலில் இல்லை. கலைச்சொல் அகராதிகளில் தேடினாலும் கிடைக்காது. அவை கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் பொறுப்பு ஏற்குமேயன்றி, அவ்விரண்டையும் தாங்கி நிற்கும் வினைக்குப் பொறுப்பு ஏற்பதில்லை. நேயர்களே, அந்த மாணவரின் கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழில் அறிவியலை எழுத முயன்றவர்களின் வரலாறு நீண்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார்; அவருடைய முயற்சியால் எழுந்த 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875-இல் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அமைத்தனர். பின்னர்க் குழுக்கள் பல கூடின. பட்டியல்கள் பல அச்சாயின. ஹைட்ரஜன் என்பதா நீரகம் என்பதா, ஆக்சிஜன் என்பதா உயிர்வளி என்பதா என்னும் வழக்குகளில் நம் பெரியோர் செலவிட்ட மையில் பாதியேனும் வாக்கியத்துக்குச் செலவாகியிருக்கலாமே என்று நான் எண்ணுவதுண்டு. அவ்வழக்குகள் வேண்டாதவை என்பது என் கருத்தன்று. பெயர் வைத்தவுடன் பிள்ளை பேசிவிடும் என்று நம்பியதுதான் குறை.

பெயரோடு நில்லாமல் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியவர்களுள் முதல் வரிசையில் நிற்போர் நம் கொங்கு நாட்டினர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இராமகிருஷ்ண வித்தியாலயத்தை 1930-இல் நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம், 1946-இல் சென்னை மாகாணக் கல்வியமைச்சரானார். அவ்வாண்டிலேயே தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அதன் வழியே தமிழின் முதற் கலைக்களஞ்சியம் உருவாயிற்று. அதற்கு முதன்மை ஆசிரியராக அமைந்தவர், மொடக்குறிச்சிப் பக்கத்தில் பிறந்து, அவினாசிலிங்கத்தின் வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன். 1954-இல் முதல் தொகுதி வந்தது. 1968-இல் பத்தாம் தொகுதியோடு பணி நிறைவெய்தியது. இப்பணியின் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருத்துவர், பொறியாளர், மண்ணியல் அறிஞர், கணித ஆசிரியர் என்று பல துறையினரும் எழுதுகிறார்கள். தம் துறையை ஆங்கிலத்திலேயே கற்றவர்கள் அவர்களுள் பெரும்பாலோர். அவர்கள் தந்ததெல்லாம் பதிப்பாளர் மேசையில் ஒரு நடைக்கு வந்தாக வேண்டும். ஒரு பொருளை இலக்கணப்படுத்துவது எப்படி, ஐயமுள்ள செய்தியை ஐயத்தோடு சொல்வது எப்படி, காரணத்தையும் காரியத்தையும் ஒரே வாக்கியத்தில் இணைப்பது எப்படி என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விடை கண்டாக வேண்டும். அந்த விடைகளை அவர்கள் விதிகளாக எழுதி வைக்கவில்லை. வாக்கியங்களாகவே விட்டுச் சென்றார்கள்.

கோவையில் ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' இதழும் 1940-களின் இறுதியிலிருந்து இதே பணியை மாதந்தோறும் செய்தது. 1960-இல், பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தமிழில் கற்பிக்கும் சோதனை தொடங்கிற்று. மாணவர் இப்போது படிப்பதோடு நிற்க முடியாது. வரலாற்றிலும் பொருளாதாரத்திலும் கேள்விக்கு விடையைத் தமிழில் எழுதவேண்டும். அவர்களுக்காக அரசு பாடநூல்களை எழுதுவித்தது. 1970-இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. அந்நூல்களுள் மொழிபெயர்ப்புகள் மிகுதி. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இத்தனை பக்கங்களிலும் சிதறிக் கிடக்கும் வழக்கை ஒருவர் எவ்வாறு கண்டெடுப்பது? நம்மவர்க்கு இது புதிய வேலையன்று. தொல்காப்பியர் தம் நூலை உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்தே செய்தார் என்று அதன் பாயிரம் கூறுகிறது. உரையாசிரியர் ஒவ்வொரு விதிக்கும் மேற்கோள் காட்டுவர். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த காலத்தும், பிற பதிப்புகளிலும், அருஞ்சொற்களுக்கு அகராதி சேர்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு வெளிவந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. 1962-இல் வ. அய். சுப்பிரமணியம் புறநானூற்றுச் சொற்கள் அனைத்துக்கும் அடைவு வெளியிட்டார். ஒரு சொல் ஒரு நூலில் வரும் இடங்களையெல்லாம், முன்பின் உள்ள சொற்களோடு வரிசைப்படுத்திக் காட்டுவதற்குத் தொடரடைவு என்று பெயர். ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே துறவியர் பைபிளுக்கு இத்தகைய அடைவு ஒன்றைத் தொகுத்தனர். ஆயினும் இவையெல்லாம் பெரும்பாலும் புலவர் நூல்களையும் புனித நூல்களையும் சார்ந்தவை. நேற்று அச்சான நிலவியல் கட்டுரைக்கு அடைவு செய்வது அன்று எவருக்கும் தோன்றவில்லை.

அந்த எண்ணம் செயலானது அமெரிக்காவில். பிரவுன் பல்கலைக்கழகத்தில் நெல்சன் பிரான்சிஸ், ஹென்றி குச்செரா என்னும் இருவர், 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சான உரைநடையிலிருந்து 500 பகுதிகளைத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,000 சொற்கள். ஆக மொத்தம் பத்து லட்சம். செய்தி, சமயம், கதை, நகைச்சுவை என்று வகை பிரித்து, துளையட்டைகளின் வழியே கணிப்பொறிக்கு ஊட்டி, 1964-இல் அதனை ஆய்வாளர்க்கு அளித்தனர். இவ்வாறு திட்டமிட்டுத் திரட்டிய மொழித்தொகுப்பையே தரவகம் என்கிறோம். அந்த 500 பகுதிகளுள் 80 பகுதிகள் கற்றோர் எழுத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

பத்து லட்சம் சொற்கள் ஒரு மொழிக்கு எம்மாத்திரம் என்று கேட்கலாம். மதுக்கரைக்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையின் தரத்தை அறிய எவரும் மலை முழுவதையும் அரைத்துப் பார்ப்பதில்லை. கல் வெட்டும் இடத்தில் அங்கங்கே துண்டுகள் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள். எத்தனை துண்டு என்பதைக் காட்டிலும் எங்கெங்கே எடுத்தது என்பதுதான் முக்கியம். ஒரே மூலையில் எடுத்த நூறு கூடையும் அந்த மூலையைப் பற்றியே பேசும்.

இந்தியாவிலும் இப்பணி தொடர்ந்தது. கோலாப்பூரில், சிவாஜி பல்கலைக்கழகத்தில், 1978-இல் அச்சான இந்திய ஆங்கில நூல்களிலிருந்து பிரவுன் முறையிலேயே பத்து லட்சம் சொற்கள் திரட்டப்பட்டன. 1991-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தின்கீழ், மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தமிழுக்கும் பிற தென்மொழிகளுக்கும் தரவகம் அமைத்தது. மொழிக்கு 30 லட்சம் சொற்கள் என்பது இலக்கு. இயற்கை அறிவியல், சமூக அறிவியல், வணிகம், ஆட்சிமொழி என்று வகுத்ததோடு, மொழிபெயர்ப்பைத் தனி வகையாகவே வைத்தார்கள். அது மிகச் சரியான முடிவு. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், புலவர் வழக்கை விட்டு, அன்றைய நூல்களிலும் இதழ்களிலும் காணப்பட்ட உரைநடையிலிருந்தே சான்று திரட்டிச் சொற்பொருள் கூறிற்று.

கற்றோர் எழுத்தைக் கற்பிப்பதற்கு இதனை எவ்வாறு பயன்படுத்தினார்கள்? மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், முன்பு வங்காளத்து டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்தவர், 1953-இல் ஆங்கிலம் கற்போர்க்கு வேண்டிய ஏறத்தாழ 2,000 பொதுச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், 2000-ஆம் ஆண்டில், நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் அதன்மேல் ஒரு மாடி எழுப்பினார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களிலிருந்தும் 35 லட்சம் சொற்களைத் திரட்டி, வெஸ்டின் பட்டியலில் உள்ளவற்றை நீக்கி, எல்லாப் புலங்களிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களைக் கண்டார். கற்றோர் எழுத்தில் பத்தில் ஒரு சொல் இவற்றைச் சேர்ந்தது. கதைகளிலோ நூற்றுக்கு ஒன்றிரண்டே. கவனியுங்கள்: இவை அமிலமும் அணுவும் அல்ல. ஆய்தல், கருதுதல், மாறுபடுதல், நிறுவுதல் போன்ற சொற்கள். கலைச்சொல்லுக்கும் அன்றாடச் சொல்லுக்கும் நடுவிலுள்ள இந்த இடத்திலேதான் மதுக்கரை மாணவர் இடறி விழுந்தார்.

பர்மிங்காமில் டிம் ஜான்ஸ் என்னும் ஆசிரியர், பிற நாடுகளிலிருந்து வந்த மாணவர்களின் கையில் தொடரடைவின் வரிகளையே அச்சிட்டுக் கொடுத்தார். விதியை அவர் சொல்லவில்லை. வரிகளைப் பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார். பிறகு பிரிட்டனில் 2004-க்கும் 2007-க்கும் இடையே, நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் கட்டுரைகளே 2,761 திரட்டப்பட்டன. சொற்கள் ஏறத்தாழ 65 லட்சம். பேராசிரியர் எழுதிய நூலைப்போல் முதலாண்டு மாணவர் எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியன்று; ஓராண்டு முன்னே சென்ற மாணவர் எப்படி எழுதித் தேறினார் என்பதே அவருக்குப் பயன்படும். இதனை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

தமிழுக்கு இதைச் செய்யப் புகுவோர்க்கு ஓர் இடையூறு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் மூன்று நான்கு வடிவங்களில் வரும். நம் 'முடிவு' முடிவை, முடிவுக்கு, முடிவுகளின், முடிவெடுத்து, முடிவாக என்று விரிந்துகொண்டே போகும். இயந்திரத்துக்கோ, 'முடி' என்பது தலைமயிரா, மன்னனின் மகுடமா, செயலை நிறைவேற்று என்னும் ஏவலா என்பதும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் இது பெயர், இது வினை என்று அடையாளம் கட்ட வேண்டும். மதுக்கரைக்கு அடுத்த இரயில் நிலையம் எட்டிமடை. அங்குள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இவ்வேலைக்கென 32 அடையாளங்களை வகுத்து, 2,25,000 சொற்கள் கொண்ட தரவகத்தைப் பயன்படுத்திய ஆய்வை 2009-இல் வெளியிட்டனர். மறு ஆண்டு ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோது, அதனோடு தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது.

மாணவருக்குத் திரும்புவோம். அவரிடம் நான் விதி எதுவும் கூறவில்லை. சிறு சீட்டுகளைக் கொடுத்து, "நூலகத்தில் கலைக்களஞ்சியம் இருக்கிறது. இணையத்திலும் அதனைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்றியிருக்கிறது. அதனோடு வேறு அறிவியல் நூல்களையும் நாளிதழ்களையும் பாருங்கள். முடிவு என்னும் சொல் கண்ணில் படும்போதெல்லாம் அந்த வாக்கியம் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். கணிப்பொறி நொடியில் செய்யும் வேலைதான். கையால் ஒரு முறை செய்தவர்க்கே அதன் சுவை தெரியும்.

இரண்டு வாரம் கழித்து வந்து சீட்டுகளைத் திண்ணையில் பரப்பினார். முடிவு எடுத்தல், முடிவு செய்தல் ஆகியன ஒரு புறம். அங்கெல்லாம் எழுவாயாக ஓர் அரசோ, குழுவோ, ஒரு மனிதரோ நின்றனர். செய்யலாமா வேண்டாமா என்னும் இடம் அது. முடிவு காணுதல் வேறொரு புறம். அங்கே தகராறோ சிக்கலோ இருந்தது. 'முடிவுகள்' என்று பன்மையில் வந்தால் தேர்வோ, தேர்தலோ, ஆய்வோ உடன் வந்தது. 'முடிவுக்கு வருதல்' மட்டும் அவரைக் குழப்பிற்று. போர் முடிவுக்கு வந்தது என்றால் ஓய்ந்தது என்று பொருள். அறிஞர் முடிவுக்கு வந்தார் என்றால் ஓய்ந்தார் என்று பொருளில்லை. நெடுநேரம் சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். பின்னர் அவரே கண்டார்: "முன்னாலே 'என்னும்', 'என்ற' வந்தா அது கருத்துங்க. வரலைன்னா ஓய்வுங்க." அந்த நுட்பத்தை இத்தனை சுருக்கமாக வேறு எவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஓர் எச்சரிக்கையையும் அன்று அவரிடம் கூறினேன். மிகுதியாக வருவதெல்லாம் நன்றாகிவிடாது. மொழிபெயர்ப்புப் பாடநூல்களை மட்டும் எண்ணினால், 'அவரால் இச்சோதனை செய்யப்பட்டது' என்பதே தமிழின் இயல்பான நடை என்று கணக்குக் காட்டக்கூடும். 'அவர் இச்சோதனையைச் செய்தார்' என்று நேரே சொல்ல நம்மிடம் வழி இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் நிழல் விழுந்தமையால் அவ்வாறு வளைந்தது. செயப்பாட்டு வினை தமிழுக்கு ஆகாது என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. செய்தவர் இன்னார் என்பது வேண்டாத இடத்தில் அது தேவைப்படும். எந்த இடத்தில் தேவை, எந்த இடத்தில் சுமை என்று தெரிய, மொழிபெயர்ப்பையும் தமிழிலேயே எழுந்த கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். மைசூரில் மொழிபெயர்ப்பைத் தனியே பிரித்து வைத்ததைப் பாராட்டியது இதனால்தான்.

அவர் குறிப்பேட்டைத் திறந்து, பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு, "ஆகையால் இக்கல்லில் கால்சியம் கார்பனேட் உள்ளது என்னும் முடிவுக்கு வரலாம்" என்று எழுதினார். எழுதியவர் பேனாவை மூடவில்லை. சீட்டுகளில் ஒன்றிரண்டைத் திரும்ப எடுத்துப் படித்தார். 'என்னும்' என்ற சொல்லுக்கு முன்னே எழுதியவர்கள் எதை வைத்தார்கள், அதற்கு எவ்வளவு சான்று காட்டினார்கள் என்று பார்க்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

"ஐயா, அமிலம் பட்டு நுரைச்சா கார்பனேட் இருக்குதுன்னுதானுங்க சொல்லலாம். கால்சியம்னு எப்படிங்க சொல்றது? வேற கார்பனேட்டும் நுரைக்குமுங்களே."

"முடிவெடுத்தேன்" என்று எழுதிய நாளில் இந்த ஐயம் அவருக்கு எழவில்லை. கால்சியம் என்னும் சொல்லைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, அருகில் "சுடர்ச்சோதனை" என்று குறித்துக்கொண்டார். கால்சியம் இருந்தால் சுடர் செங்கல் நிறம் காட்டும். மறுநாள் காலையில் சோதனைச்சாலை திறந்ததும் பார்ப்பதாகச் சொல்லி, கல்துண்டையும் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.